வக்காலத்து கொடுப்பது எப்படி: கையெழுத்துக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

எங்கள் குடும்பத்துப் பாகப்பிரிவினை வழக்கில் வாதிகள் ஆறு பேர். கைநாட்டு வைக்கும் அம்மா, சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அண்ணன், அக்கா, நான், இறந்துபோன தங்கையின் கணவர், அவர்களுடைய பதினைந்து வயது மகன். பிராதை, அதாவது வழக்கு மனுவைத் தயார் செய்வதைவிட, இந்த ஆறு பேருக்கும் சேர்த்து ஒரு வக்காலத்தைச் சரியாகப் போடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மூன்று முறை ரிட்டர்ன் ஆகித் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் காரணம் ஒரு கையெழுத்துதான்.

அதற்குப் பிறகு சொந்தக்காரர்கள், தெருக்காரர்கள் என்று பலருடன் துணைக்கு நீதிமன்றம் போய்வந்திருக்கிறேன். எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அந்த இடங்களை வரிசைப்படி எழுதுகிறேன். தமிழ்நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் நடக்கும் சிவில் வழக்குதான் இங்கே அடிப்படை. மற்ற இடங்களில் மாறுவதை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. கொடுப்பது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

வக்காலத்து என்பது உங்களுக்காக நீதிமன்றத்தில் செயல்பட ஒரு வழக்கறிஞருக்கு நீங்கள் எழுதிக் கொடுக்கும் அதிகாரம். உரிமையியல் விசாரணை முறைச் சட்டம் 1908-இன் கட்டளை 3, விதி 4 இதைத்தான் கேட்கிறது: நியமனம் எழுத்தில் இருக்க வேண்டும், கட்சிக்காரரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கையெழுத்திட வேண்டும், அது நீதிமன்றத்தில் தாக்கலாக வேண்டும்.

மூன்றும் சேர்ந்தால்தான் வக்காலத்து. வழக்கறிஞரைப் பார்த்துப் பேசி, பணம் கொடுத்து, கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தாலும், அந்தத் தாள் அவர் மேசையிலேயே கிடந்தால் நீதிமன்றத்தின் பார்வையில் உங்களுக்கு வக்கீல் இல்லை. நான் பார்த்தவர்களில் பாதிப்பேருக்கு இந்த வேறுபாடு தெரியாது.

2. நீதிமன்றம் எது, கெடு எத்தனை நாள் என்று பாருங்கள்

சம்மன் வந்திருந்தால், முதலில் அதன் மேல் நீங்கள் வாங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். கெடு அங்கிருந்துதான் ஓடும். சாதாரண சிவில் வழக்கில் எதிருரை, அதாவது பிராதுக்கான எழுத்துமூலப் பதில் போட 30 நாள். நீதிமன்றம் நீட்டித்தால் 90 நாள் வரை. கட்டளை 37-இன் கீழ் வரும் சுருக்கமுறை வழக்கு என்றால் 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும். கடன் பத்திரம், காசோலை அடிப்படையிலான பண வழக்குகள் பல இப்படி வரும். சம்மனின் தலைப்பில் அது எழுதியிருக்கும். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று இருந்தவருக்கு எதிராக, அடுத்த மாதத்துக்குள் தீர்ப்பே ஆகியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் ஆஜராகாததால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது ஒருதலைத் தீர்ப்பு ஆகிவிட்டாலும் வழி அடைபட்டுவிடவில்லை. அதை நீக்கக் கோரும் மனுவைத் தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். சம்மன் முறையாக உங்களிடம் சேரவே இல்லை (சார்வு ஆகவில்லை) என்றால், உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாள். அந்த மனுவுக்கும் வக்காலத்து வேண்டும்.

அப்புறம், எல்லா இடத்திலும் வக்கீல் வைப்பது உரிமை இல்லை. குடும்ப நீதிமன்றத்தில், 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவுப்படி, நீதிமன்றம் அனுமதித்தால்தான் வழக்கறிஞர் ஆஜராகலாம். அதனால் வக்காலத்தோடு அனுமதி மனுவும் போகும். தொழிலாளர் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே நேரில் வாதாடலாம், வக்கீல் கட்டாயமில்லை.

உயர் நீதிமன்றம் என்றால் உங்கள் மாவட்டம் சென்னையின் கீழ் வருகிறதா, 2004 முதல் செயல்படும் மதுரைக் கிளையின் கீழ் வருகிறதா என்று பார்த்து, அங்கே தொழில் செய்பவரிடம் போங்கள். உச்ச நீதிமன்றத்தில் "அட்வகேட் ஆன் ரெக்கார்டு" என்று பதிவு பெற்றவர் மட்டுமே வக்காலத்து தாக்கல் செய்ய முடியும். ஊர் வக்கீல் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அங்கே அப்படிப் பதிவு பெற்ற ஒருவர் வழியாகத்தான் போக முடியும்.

3. யார் பெயருக்குக் கொடுக்கிறீர்கள் என்று சரிபாருங்கள்

வழக்கறிஞரின் முழுப்பெயரும் பதிவு எண்ணும் கேளுங்கள். இங்கே பதிவு செய்வது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில். எண்ணின் கடைசியில் பதிவு ஆண்டு இருக்கும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம், வக்காலத்திலேயே எழுத வேண்டிய எண்தான் அது. நீதிமன்ற வாசலில் "நான் பார்த்துக்கிறேன் சார்" என்று தாளை நீட்டுகிறவர் தரகராகவும் இருக்கலாம். இந்த ஒரு கேள்வியிலேயே அது தெரிந்துவிடும்.

ஓர் அலுவலகத்தில் பெரிய வக்கீலோடு ஜூனியர்கள் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். உங்கள் வழக்குக்கு நிற்கப்போகிற ஜூனியர் பெயரும் வக்காலத்தில் இருக்கட்டும். பெரியவர் வேறு நீதிமன்றத்தில் இருக்கும்போது ஜூனியர் மனு தாக்கல் செய்யவும், ஆவணம் பெறவும் அது உதவும். வெறுமனே வாதாட மட்டும், ஏற்கெனவே வக்காலத்து வைத்திருப்பவர் இன்னொரு வழக்கறிஞரை அழைத்து வருவதற்குத் தனி வக்காலத்து தேவையில்லை.

பேச்சுவழக்கில் அலுவலகத் தலைவரை "சீனியர்" என்கிறோம். உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ "மூத்த வழக்கறிஞர்" என்று அறிவிக்கும் தகுதி வேறு. அந்தத் தகுதி பெற்றவர் வக்காலத்து தாக்கல் செய்யக்கூடாது, கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கை வாங்கவும் கூடாது. அப்படிப்பட்ட ஒருவர் உங்களுக்காக வாதாட வேண்டும் என்றால், வக்காலத்து அவரை அமர்த்துகிற வழக்கறிஞர் பெயரில் இருக்கும். "அவர் பெயரே தாளில் இல்லையே" என்று பதற வேண்டாம்.

பணம் இல்லை என்பதற்காக இந்தப் படியில் யாரும் நின்றுவிடக் கூடாது. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழிலாளர்கள், குறைந்த வருமானமுள்ளவர்கள் ஆகியோருக்கு இலவச வழக்கறிஞர் கிடைப்பார். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் இந்த ஆணைக்குழுவின் அலுவலகம் உண்டு. தொலைபேசியில் 15100. எங்கள் தெருவில் ஒரு அக்கா தன் ஜீவனாம்ச வழக்குக்காக நகையை அடகு வைத்த பிறகுதான், பெண் என்ற ஒரே காரணத்தாலேயே தனக்கு இந்த உரிமை இருந்தது என்று தெரிந்துகொண்டார். அதனால்தான் யாரைப் பார்த்தாலும் இதை முதலில் சொல்கிறேன்.

4. கட்டணத்தைத் தனியாகப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்

வக்காலத்து அதிகாரப் பத்திரம்தான், கட்டண ஒப்பந்தம் இல்லை. மொத்தக் கட்டணம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு, நீதிமன்றக் கட்டணமும் குமாஸ்தா செலவும் அதில் சேர்த்தியா என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் பணத்துக்கு ரசீது கேளுங்கள், அல்லது வங்கி வழியாக அனுப்புங்கள்.

"ஜெயித்தால் வருகிற தொகையில் இவ்வளவு சதவீதம்" என்று பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. விபத்து நஷ்டஈட்டு வழக்குகளில் இந்தப் பேச்சு வரும். வந்தால், அந்த இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

5. போகும்போது கையில் இருக்க வேண்டியவை

உங்கள் அடையாள அட்டை, அதன் நகல், சம்மன் அல்லது நோட்டீஸ் உறையோடு. உறையின் மேலிருக்கும் தபால் முத்திரை பின்னால் தேதியை நிரூபிக்க உதவும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே நடக்கிற வழக்கு என்றால் வழக்கு எண்ணும், இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கைத் தேட உதவும் பதினாறு இலக்க சி.என்.ஆர். எண்ணும்.

பெயர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். பத்திரத்தில் "முத்துலட்சுமி", ஆதாரில் "முத்துலெட்சுமி", சம்மனில் "லட்சுமி" என்று இருக்கும். வக்காலத்தில் பிராதில் உள்ளபடியே பெயர் வர வேண்டும், தேவையானால் "என்கிற" போட்டு இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். தகப்பனார் அல்லது கணவர் பெயர், வயது, முகவரி எல்லாம் பிராதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், கையெழுத்துப் போட்டவர்தான் வழக்கின் கட்சிக்காரர் என்று எப்படித் தெரியும் என்று நீதிமன்ற அலுவலகச் செக்ஷனில் கேட்பார்கள். அது நியாயமான கேள்விதான்.

6. நிரப்பிய பிறகு படியுங்கள், படித்த பிறகு கையெழுத்து

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது நம் ஊரில் சாதாரணமாக நடக்கிறது. "நீங்க கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, குமாஸ்தா எழுதிக்குவார்" என்பார்கள். பெரும்பாலும் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, வேலை சுலபமாகட்டும் என்றுதான். ஆனாலும் போடாதீர்கள். நீதிமன்றப் பெயரும் தரப்பினர் பெயரும் வழக்கறிஞர் பெயரும் எழுதப்படாத தாளில் உங்கள் கையெழுத்து இருந்தால், அது எந்த வழக்குக்கும் எந்த ஊருக்கும் போகலாம். நீங்கள் அறியாத ஒரு சமரச மனுவோடு அது இணைந்தால், பிறகு "நான் இதற்குப் போடவில்லை" என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

புதிய வழக்கு என்றால் எண் இன்னும் கிடைத்திருக்காது, அந்த இடம் மட்டும் காலியாக இருக்கலாம். "ஓ.எஸ். எண்" (சிவில் வழக்கின் எண்) என்று எழுதி இடம் விட்டு, பக்கத்தில் ஆண்டு போட்டிருப்பார்கள். மற்றக் கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும். தேதியும்தான்.

நிரப்பியதும் அச்சிட்ட பகுதியைப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் வாசித்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். அதில் வழக்கமாக இவை இருக்கும்: ஆஜராகி வாதாட, மனுக்கள் தாக்கல் செய்ய, ஆவணங்களைத் திரும்பப் பெற, வழக்கைச் சமரசம் செய்ய, வாபஸ் பெற, நீதிமன்றத்தில் கட்டப்பட்ட பணத்தை வாங்க.

முதல் மூன்றும் வழக்கு நடக்கத் தேவை. பின்னால் வரும் மூன்றிலும் யோசியுங்கள். கட்டளை 23, விதி 3-இன்படி சமரசம் எழுத்தில், தரப்பினர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஆனால் அதிகாரம் பெற்ற வழக்கறிஞர் கட்சிக்காரருக்காகக் கையெழுத்திடலாம் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கட்சிக்காரரின் கையெழுத்தையும் வாங்குவதே விவேகம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே அச்சிட்ட அந்த ஒரு வரிக்கு உயிர் உண்டு.

நாங்கள் செய்தது இது. "சமரசம், வாபஸ், பணம் பெறுதல் ஆகியவை கட்சிக்காரர்களின் தனி எழுத்துமூலச் சம்மதத்தின் பேரில் மட்டும்" என்று கையால் எழுதச் சொல்லி, பக்கத்தில் எல்லோரும் சுருக்கொப்பம் வைத்தோம். எங்கள் வழக்கறிஞர் முகம் சுளிக்கவில்லை. "முதலிலேயே சொன்னது நல்லது" என்றார். கோபித்துக்கொள்கிறவர் இருந்தால், அவரிடம் நிலத்தை நம்பி ஒப்படைக்கலாமா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

கையெழுத்துப் போட்டதும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. கையெழுத்து: யார், எந்த நிலையில், எப்படி

வக்காலத்துகள் அதிகம் திரும்பி வருவது இந்தப் படியில்தான். வக்காலத்துகளில் அடிக்கடி காணும் குறைகளை உச்ச நீதிமன்றமே 2005-இல் ஒரு தீர்ப்பில் வரிசையாகப் பட்டியலிட்டது. அதைப் படித்தபோது எங்கள் தாளைப் பார்த்துவிட்டு எழுதியதைப் போலவே இருந்தது. இவை திருத்திக்கொள்ளக்கூடிய குறைகள்தான், இதற்காக மட்டுமே வழக்கு செத்துவிடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அது ஆறுதல்தான், ஆனால் திருத்துவதற்குள் எங்களுக்கு ஆறு வாரம் போயிற்று.

பலர் சேர்ந்து போடும்போது. வாதிகளின் வரிசை எண்படி ஒருவர்பின் ஒருவராகப் போடுங்கள். ஒவ்வொரு கையெழுத்தின் பக்கத்திலும் எண்ணும் பெயரும் தெளிவாக எழுதுங்கள். கிறுக்கலாக ஆறு கையெழுத்து இருந்தால் யார் போட்டார், யார் போடவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு நிலையில் இருப்பவர். முதல் ரிட்டர்ன் இதனால்தான் வந்தது. என் தங்கை கணவர் ஐந்தாம் வாதி. அவருடைய மகன் ஆறாம் வாதி, மைனர். மைனருக்கு வழக்கு போடும் உரிமை உண்டு, ஆனால் ஒரு கார்டியன் வழியாகத்தான். மச்சான் ஒரே ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். அது அவருக்கா, மகனுக்கா? "தனக்காகவும், மைனர் ஆறாம் வாதியின் கார்டியனாகவும்" என்று கீழே எழுதியிருக்க வேண்டும். அதைவிடத் தெளிவு, இரண்டு இடத்தில் இரண்டு கையெழுத்து. நிறுவனமும் அதன் இயக்குநரும், கூட்டுத்தொழிலும் அதன் பங்குதாரரும், அறக்கட்டளையும் அதன் அறங்காவலரும் சேர்ந்து கட்சியாக இருந்தாலும் இதே விதிதான். நிறுவனத்துக்காகப் போடுகிறவர் பெயர், பதவி, முத்திரை, அவருக்கு அதிகாரம் கொடுத்த தீர்மானத்தின் நகல் எல்லாம் வேண்டும்.

மைனருக்கு 18 வயது ஆகும் தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று முதல் கார்டியனின் கையெழுத்து போதாது. அவன் மேஜர் ஆனதை நீதிமன்றத்துக்குத் தெரிவித்து, அவனே வக்காலத்து போட வேண்டும். வருடக்கணக்கில் போகும் பாக வழக்குகளில் இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கைநாட்டு. இரண்டாவது ரிட்டர்ன். அம்மாவின் இடது பெருவிரல் ரேகை தாளில் இருந்தது, அது யாருடையது என்று எழுதவில்லை, வாசித்துக் காட்டியதற்கான குறிப்பும் இல்லை. ரேகையைச் சுற்றி "முதல் வாதி இன்னாரின் இடது பெருவிரல் ரேகை" என்று எழுதி, "படித்துக் காட்டிப் பொருள் விளங்கி வைத்தார்" என்ற குறிப்போடு சான்றொப்பம் வேண்டும். உண்மையிலேயே வாசித்துக் காட்டுங்கள். அம்மா அன்று கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "இதுல ரேகை வெச்சா, வக்கீல் நிலத்தை வித்துற முடியுமாடா?" முடியாது, வக்காலத்து நில விற்பனைக்கான பவர் இல்லை என்று புரிய வைத்த பிறகுதான் விரலை நீட்டினார். எழுதப் படிக்கத் தெரியாதவரின் அந்தப் பயத்தை அவசரத்தில் தாண்டிப் போகாதீர்கள்.

வெளிநாட்டில் இருப்பவர். மூன்றாவது ரிட்டர்ன். அண்ணன் விடுமுறைக்கு வர ஆறு மாதம் இருந்தது. "கையெழுத்துதானே, நீயே போட்டுடு" என்று தொலைபேசியில் சொன்னார். அதை நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். இன்னொருவர் கையெழுத்தைப் போடுவது குற்றம், வழக்கின் நடுவில் எதிர்த்தரப்பு கண்டுபிடித்தால் நியாயமான வழக்கும் கறைபடும். நான் செய்த தவறு வேறு: அவரிடமிருந்து பவர் இருப்பதாக நினைத்து, என் கையெழுத்தைப் போட்டு "இரண்டாம் வாதிக்காக" என்று எழுதினேன். பவர் நகலை இணைக்கவில்லை. இணைத்திருந்தாலும் ஏற்றிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அது வீட்டு வாடகை வசூலுக்கான பழைய பவர், வழக்கு நடத்தும் அதிகாரம் அதில் இல்லை.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, நிரப்பிய வக்காலத்தை அனுப்பி, அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கான்சுலர் அதிகாரி முன்போ நோட்டரி முன்போ அவரே கையெழுத்திட்டு அசலை அனுப்புவது. ஒரு முறை மட்டும் தேவை என்றால் இது போதும். இரண்டாவது, வழக்கு நடத்தவும் வழக்கறிஞரை நியமிக்கவும் தெளிவாக அதிகாரம் தரும் பவர் பத்திரத்தை அதேபோல் கையெழுத்திட்டு அனுப்புவது. அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். அதனால் கூரியர் உறையையும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பவர் ஏஜென்ட் வக்காலத்தில் "பவர் ஏஜென்ட் மூலம்" என்று எழுதிக் கையெழுத்திட்டு நகலை இணைக்கலாம். வழக்கு நீளும் என்றால் இதுதான் வசதி. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அண்ணனுக்கு மட்டுமே நேரில் தெரிந்த விஷயங்களை அவருக்குப் பதிலாகப் பவர் ஏஜென்ட் சாட்சி சொல்ல முடியாது.

சிறையில் இருப்பவர். படிவத்தைச் சிறைக்குக் கொண்டுபோய், சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கையெழுத்தும் சான்றொப்பமும் பெற வேண்டும். கைதானவருக்குத் தான் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேசும் உரிமையை அரசியலமைப்பின் 22(1) பிரிவே தருகிறது. குடும்பத்தார் தயங்காமல் கேட்கலாம்.

எல்லோரும் ஒரே வக்காலத்தில் சேர்வது எப்போதும் சரியா? உங்களுக்குள் பங்கு அளவிலோ, உயிலின் உண்மையிலோ கருத்து வேறுபாடு இருந்தால் வேண்டாம். ஒரே வழக்கறிஞர் இரண்டு எதிரெதிர் நிலைகளைப் பேச முடியாது. செலவு மிச்சம் என்று சேர்ந்துவிட்டு, பாதி வழியில் பிரிவது இரட்டைச் செலவு.

8. சான்றொப்பம், ஸ்டாம்பு, ஏற்பு

கையெழுத்து உங்களுடையதுதான் என்று அடையாளம் சொல்லும் சான்றொப்பத்தை, எங்கள் பக்கத்து நீதிமன்றங்களில் அந்த வக்காலத்தில் பெயர் இல்லாத இன்னொரு வழக்கறிஞர் போடுவார். வக்காலத்து பெறுகிறவரே தனக்குத் தானே சாட்சியாவதைத் தவிர்க்கத்தான் இது. அவர் முன்னிலையில் கையெழுத்திடுங்கள். வீட்டில் போட்டுக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

வக்காலத்தில் நீதிமன்றக் கட்டண வில்லையும், வழக்கறிஞர் சேமநல நிதி ஸ்டாம்பும் ஒட்ட வேண்டும். குமாஸ்தா வாங்கி ஒட்டிவிடுவார்.

வழக்கறிஞர் "ஏற்றுக்கொண்டேன்" என்ற இடத்தில் கையெழுத்திட்டாரா என்று கட்டாயம் பாருங்கள். நீங்கள் அதிகாரம் கொடுப்பது பாதி, அவர் ஏற்பது மறுபாதி. பல பெயர்கள் இருந்தால் எல்லோரும் போட வேண்டும். அவருடைய முகவரியும் எழுதியிருக்க வேண்டும், இனி நோட்டீஸ்கள் அங்கேதான் போகும்.

குற்றவியல் வழக்குகளில் "மெமோ ஆஃப் அப்பியரன்ஸ்" என்ற தாளை வழக்கறிஞர் தன் கையெழுத்திலேயே போடுவதுண்டு. அது அவர் ஆஜராவதை மட்டும் சொல்லும் குறிப்பு. வழக்கைத் தொடர்ந்து நடத்த வக்காலத்தும் கொடுத்துவிடுங்கள்.

9. தாக்கல் ஆனதை உங்கள் கண்ணால் பாருங்கள்

பிரதிவாதியாக இருந்தால், முதல் வாய்தா அன்று நீங்களும் போங்கள். பெயர் கூப்பிடும்போது வழக்கறிஞர் எழுந்து "வக்காலத்து தாக்கல்" என்று சொல்வார், எதிருரைக்கு அடுத்த தேதி போடுவார்கள். அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாளோ இரண்டு நாள் கழித்தோ இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ சி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயருக்குக் கீழே வழக்கறிஞர் பெயர் வந்திருக்க வேண்டும். பல பேர் கட்சியாக இருந்தால் ஒவ்வொரு பெயராகப் பாருங்கள். ஒரு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் குமாஸ்தாவிடம் கேளுங்கள். மின்வழித் தாக்கல் என்றால் தாளை ஸ்கேன் செய்து ஏற்றுவார்கள். அசல் எங்கே இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டு எட்டு மாதம் நிம்மதியாக இருந்தார். அந்த வக்காலத்து வேறொரு வழக்குக் கட்டுக்குள் தவறுதலாகப் போயிருந்தது. அவர் எக்ஸ்பார்ட்டி ஆன விவரம், வீட்டுக்கு நீதிமன்ற ஊழியரான அமீனா வந்தபோதுதான் தெரிந்தது. கைப்பேசியில் இரண்டு நிமிடம் பார்த்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

10. தாக்கலுக்குப் பிறகு

வக்காலத்து ஏறியதும், அந்த வழக்கில் உங்கள் வழக்கறிஞருக்குக் கொடுக்கப்படும் நோட்டீஸ் உங்களுக்கே கொடுத்ததாகக் கருதப்படும். கட்டளை 3, விதி 5 அதைத்தான் சொல்கிறது. தபால்காரர் வீட்டுக்கு வருவார் என்று காத்திருக்காதீர்கள். முகவரியோ கைப்பேசி எண்ணோ மாறினால் அன்றே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்குப் பிறகும் ஒரு போன் போடுங்கள்.

கட்சிக்காரர் இறந்தால் அவருடைய வக்காலத்து அத்தோடு முடிந்தது. வாரிசுகளைச் சேர்க்க 90 நாள்தான். கருமாதி முடியட்டும் என்று தள்ளிப் போட்டுவிடாமல் வழக்கறிஞருக்கு உடனே தகவல் சொல்லுங்கள், அவர் நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். வாரிசுகள் தங்கள் பெயரில் புதிதாக வக்காலத்து போட வேண்டும்.

மேல்முறையீடு வேறு நீதிமன்றத்தில் வேறு வழக்கறிஞர் வழியாகப் போனால், அவருக்கு நீங்களே நேரடியாகப் புதிய வக்காலத்து கையெழுத்திட வேண்டும். உங்கள் ஊர் வக்கீல் உங்கள் சார்பில் சென்னை வக்கீலுக்கு வக்காலத்து எழுதிக் கொடுக்க முடியாது. 2005 தீர்ப்பின் பட்டியலில் இந்தக் குறையும் இருக்கிறது.

11. வழக்கறிஞரை மாற்ற வேண்டி வந்தால்

புதியவரிடம் நேராகப் போய்க் கையெழுத்துப் போட்டால் வேலை நடக்காது. பழைய வக்காலத்து உயிரோடு இருக்கும்போது, அவருடைய சம்மதம் இல்லாமல் இன்னொருவர் வக்காலத்து தாக்கல் செய்யக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி.

முதலில் பழைய வழக்கறிஞரை நேரில் பார்த்து, மரியாதையாகச் சொல்லி, பாக்கி ஏதும் இருந்தால் பேசி முடியுங்கள். புதிய வக்காலத்தின் மேல் "ஆட்சேபணை இல்லை" என்று எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். பெரும்பாலான வழக்கறிஞர்கள் போட்டுவிடுவார்கள். நேரில் போகக் கூச்சப்பட்டு ஆள் அனுப்புகிறவர்களுக்குத்தான் இழுபறி ஆகிறது. வழக்குக் கட்டையும் அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே என்னென்ன அசல் ஆவணம் இருக்கிறது என்று பட்டியலிட்டு.

அவர் மறுத்தாலோ, பதிலே சொல்லாவிட்டாலோ, ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அந்த நகலை வைத்து, காரணத்தைச் சொல்லி நீதிமன்றத்திலேயே அனுமதி கேட்டு மனு போடலாம். கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு சட்ட வழிகள் உண்டு. பிறகும் கட்டு வரவில்லை என்றால் பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

மாற்றுவதை வாய்தாவுக்கு முந்தின நாள் செய்யாதீர்கள். சாட்சி விசாரணை நடந்துகொண்டிருக்கும்போது புதியவர் கட்டைப் படிக்கவே இரண்டு வாரம் ஆகும், "வக்கீல் மாறிவிட்டார்" என்பதற்காக மட்டும் நீதிபதி தேதி தள்ளுவார் என்று நம்ப முடியாது. ஒரு வாய்தா முடிந்த மறுநாளே வேலையைத் தொடங்குங்கள். புதிய வக்காலத்து ஏறியதும் மறுபடி இ-கோர்ட்ஸில் பாருங்கள். பழைய பெயர் நீங்கி, புதிய பெயர் வந்திருக்க வேண்டும். இரண்டு பெயரும் இருந்தால் குமாஸ்தாவிடம் சொல்லிச் சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்த நோட்டீஸ் பழைய அலுவலகத்துக்கே போய்விடும்.